மாரடைப்புக்குப் பின் தூக்க மூச்சுத்தடை: சிபாப், வாய்க்கருவி, ஆக்சிஜன், ஊசி - எது யாருக்கு?

மாரடைப்பிலிருந்து மீண்டு வருபவர் குறட்டை விடுபவராகவும் இருந்தால், உடனே ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழும். அதற்கு முன் தூக்க மூச்சுத்தடை, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது, இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று தெரிய வேண்டும். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவது ஒரு வகை, இதுதான் பெரும்பான்மை. பாதை திறந்திருந்தும் மூச்சுவிடும்படி மூளையிலிருந்து உத்தரவு வராமல் போவது இன்னொன்று, அதாவது மைய வகை. இதயம் பலவீனமானவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றல்ல. மாரடைப்பு வந்த சில நாட்களிலேயே தூக்கப் பரிசோதனை செய்தால், பாதிப்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

அடைப்பு வகைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது சிபாப். மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனின் குழு 1981-இல் வெளியிட்ட முறை. மூச்சு நிற்பதைத் தடுப்பதில் இதற்கு இணையான கருவி இல்லை. பகல் தூக்கம் குறையும், மனநிலை தேறும், ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கும்.

ஆனால் அடுத்த மாரடைப்பைத் தடுக்குமா? 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வு, இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. சிபாப் பயன்படுத்திய குழுவில் பாதிப்புகள் குறையவில்லை. மாரடைப்பு, நிலையற்ற நெஞ்சுவலி என்று அனுமதிக்கப்பட்டவர்களிடம் ஸ்பெயினில் நடந்த ‘ஐசாக்’ ஆய்வும் 2020-இல் அதையே சொன்னது. சரி, அப்போது சிபாப் வீணா? அங்கேதான் ஒரு சிக்கல். ‘சேவ்’ ஆய்வில் மாஸ்க் முகத்தில் இருந்தது ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம். ‘ஐசாக்’கில் 3 மணி நேரம்கூட இல்லை. விடியற்காலையில் வரும் மூச்சுத்தடைக்கு, நள்ளிரவில் கழற்றி வைத்த மாஸ்க் என்ன செய்யும்? இதுபோன்ற ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2023-இல் அலசியபோது, இரவில் 4 மணி நேரமாவது போட்டவர்களுக்கு இதய, மூளை பாதிப்புகள் குறைவாகவே இருந்தன. அதையும் முழுசாக நம்பிவிட முடியாது. மாஸ்க்கை ஒழுங்காகப் போடுபவர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவார், நடைப்பயிற்சியும் போவார். எது காப்பாற்றியது என்று பிரிப்பது கடினம்.

வாய்க்கருவி, கீழ்த்தாடையைச் சற்று முன்னுக்குத் தள்ளி வைக்கும். சிபாப் அளவுக்கு மூச்சுத்தடையைக் குறைக்காது; ஆனால் மாஸ்க் பிடிக்காதவர்கள்கூட இதை இரவு முழுக்கப் போட்டுக்கொள்கிறார்கள். லேசான, மிதமான பாதிப்பு, உறுதியான பற்கள் இருந்தால் இது இரண்டாந்தரத் தேர்வு என்று நான் நினைக்கவில்லை. கடுமையான பாதிப்புக்கு மட்டும் சிபாப்பைத்தான் முதலில் முயல வேண்டும்.

மூக்கில் ஆக்சிஜன் குழாய் எளிதாகத் தோன்றும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் சிபாப் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது, ஆக்சிஜன் குறைக்கவில்லை. காரணம் எளிது: ஆக்சிஜன் அளவு ஏறினாலும் தொண்டை அடைபட்டுத்தான் இருக்கிறது.

மைய வகைக்கு மூச்சின் போக்கைப் பார்த்து அழுத்தத்தைத் தானே மாற்றும் ஏஎஸ்வி என்ற கருவி உண்டு. இதில்தான் எச்சரிக்கை தேவை. இதயச் செயலிழப்போடு, எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் பம்ப் செய்யும் அளவு 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவர்கள் பங்கேற்ற ‘சர்வ்-எச்எஃப்’ ஆய்வில் (2015), ஏஎஸ்வி போட்டவர்களிடம் இதய மரணம் கூடியது. எக்கோ ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இந்தக் கருவியைப் பற்றிப் பேசவே கூடாது. ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டிகாக்ரெலார் மாத்திரையும் சிலருக்கு மைய வகையைக் கிளப்பிவிடும். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

உடல் பருமனோடு மிதமான அல்லது கடுமையான அடைப்பு வகை இருப்பவர்களுக்காக, உடல் எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசிக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய மாதங்கள் ஆகும். அதுவரை சிபாப்பைக் கழற்றி வைக்க முடியாது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சுத்தடை கூடுகிறவர்கள் பக்கவாட்டில் படுத்தாலே ஓரளவு குறையும், செலவில்லாத வழி.

என் தேர்வைக் கேட்டால்: பகலில் தூங்கி வழிகிறவருக்கும் ரத்த அழுத்தம் அடங்காதவருக்கும் சிபாப். தூக்கக் கலக்கமே இல்லாதவருக்கு ‘இதயத்தைக் காப்பாற்றும்’ என்று உறுதி கொடுத்து அதைத் தலையில் கட்ட மாட்டேன். கழற்றி எறிகிறார் என்றால் முதலில் மாஸ்க்கின் அளவை மாற்றிப் பார்க்கலாம், காற்றில் ஈரப்பதம் சேர்க்கலாம். அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் வாய்க்கருவி.