ஹாக்ஸ்ட்ரோமா, ஹார்மனியா? நெக்கைப் பார்த்து வாங்குங்கள்

பழைய ஃபெண்டர், கிப்சன் எலக்ட்ரிக் கிட்டார்கள் எல்லாம் கைக்கெட்டாத விலைக்குப் போய்விட்டன. மிச்சமிருப்பவை 1960களின் இரண்டாம் வரிசைப் பெயர்கள்: சிகாகோவின் ஹார்மனி, நியூஜெர்சியின் டேன்எலக்ட்ரோ, ஜப்பானின் டெய்ஸ்கோ, ஸ்வீடனின் ஹாக்ஸ்ட்ரோம். இவற்றை வாசித்துப் பார்த்து நான் வாங்கியது ஹாக்ஸ்ட்ரோம் 2.

ஒலியில் ஹார்மனியின் ராக்கெட் மாடலை மிஞ்ச இவற்றில் ஆளில்லை. கம்பியதிர்வை மின்சமிக்ஞையாக்கும் அதன் டிஆர்மண்ட் பிக்கப்பில், ஆம்ப்ளிஃபையரைக் கொஞ்சம் ஏற்றினாலே அழகான கரகரப்பு வந்துவிடும். டேன்எலக்ட்ரோ, மரச்சட்டத்தில் மேசனைட் என்ற அழுத்திய மரநார்ப் பலகை ஒட்டிய எளிய கிட்டார். எடை குறைவு, ஒலி கணீரென்று இருக்கும். டெய்ஸ்கோவை நான் அதிகம் வாசித்ததில்லை. கையில் கிடைத்தவை ஒன்றுக்கொன்று தரத்தில் வெகுவாக மாறுபட்டன.

ஆனால் வாங்கியபின் செலவு வைப்பது நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. கம்பிகள் அரை நூற்றாண்டாக அதை இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அதனால் வரும் கோளாறு இரண்டு: நெக் வளைவது ஒன்று, உடலோடு சேரும் கோணம் மாறுவது மற்றொன்று. ராக்கெட்டின் நெக் ஒட்டப்பட்டது. கோணம் போனால் நீராவி காட்டிக் கழற்றி, மரத்தைச் சீவி, மறுபடி ஒட்ட வேண்டும். அந்தக் கூலி சில சமயம் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். டேன்எலக்ட்ரோவின் நெக் திருகாணியில் நிற்பதால் கோணத்தைச் சரிசெய்வது எளிது. ஆனால் உள்ளே இருக்கும் எஃகுத் தண்டுகளைத் திருக வழியில்லை, வளைந்தால் சிரமம்.

ஹாக்ஸ்ட்ரோம் இரண்டுக்கும் வழி வைத்திருக்கிறது. நெக் திருகாணியில் நிற்கிறது. நெக்குக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய தக்கை ஒன்றைச் செருகினால் கோணம் சரி. உள்ளே நீளம் முழுக்க ஹெச் வடிவ ட்ரஸ் ராட் (வளைவைத் திருகிச் சரிசெய்யும் உலோகத் தண்டு) ஓடுகிறது. அந்தப் பலத்தை நம்பித்தான் நெக்கை அவ்வளவு ஒல்லியாகச் செதுக்கினார்கள். என்னுடையதில் ஒருமுறை செட்டப் செய்ததோடு சரி, கம்பிகளின் உயரம், அதாவது ஆக்‌ஷன் அப்படியே நிற்கிறது.

எதை வாங்கினாலும், நெக் வளைந்திருக்கிறதா என்று அறிய, ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (விரல்பலகைக்குக் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃபிரெட்டிலும் அழுத்தி நடுவில் இடைவெளி பாருங்கள். உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை முழுதாக இறக்கியும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பி உயரமாகவே இருந்தால் கோணம் போய்விட்டது.

ஹாக்ஸ்ட்ரோமிலும் குறை உண்டு. ஸ்வீடன் தயாரிப்பு 1983இல் நின்றுவிட்டதால் பழைய உதிரிகளைத் தேடி அலைய வேண்டும். சுருதியை அசைக்கும் ட்ரெமோலோ கை இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆரம்பகால மாடல்கள் சிலவற்றில் விரல்பலகைமேல் பிளெக்ஸிகிளாஸ் இருக்கும்; அதில் ஃபிரெட் மாற்றுவது தலைவலி. நெக்கைக் கழற்றிக் கோணம் சரிசெய்து ஒட்டிய (நெக் ரீசெட் முடிந்த) ராக்கெட் ஒன்று கிடைத்தால் மட்டும், அந்த பிக்கப்புக்காக நான் கட்சி மாறுவேன்.