காலை வாருற சீப்பும் 52 கார்டும்: ஒரு ரிவ்யூ

நாம தினமும் பேசுற பேச்சை அப்படியே படமா வரைஞ்ச கார்டு டப்பா ஒண்ணு கிஃப்டா வந்துச்சு, மொத்தம் 52 கார்டு. சும்மா புரட்டிட்டு வச்சிடலாம்னுதான் பிரிச்சேன், முதல் கார்டுலயே மாட்டிக்கிட்டேன். ஒருத்தன் குப்புற விழுந்து கிடக்கான், அவன் நண்பன் பக்கத்துல உக்காந்து ரொம்ப அக்கறையா சீப்பு வச்சு அவன் கால் முடியை வகிடெடுத்து வாரிட்டு இருக்கான். காலை வாருறானாம்! ரெண்டு செகண்ட் முழிச்சிட்டு அப்புறம் தனியா உக்காந்து சிரிச்சேன்.

அதைவிட எனக்குப் பிடிச்சது கடலை கார்டு. ஒரு பையனும் பொண்ணும் ஃபோன் பேசிக்கிட்டே ஆளுக்கொரு பக்கெட்ல அலை, மீன், கப்பலோட மொத்தக் கடலையும் எடுத்துக் கீழ போட்டுட்டு இருக்காங்க. கடலை போடுறாங்க பாஸ். சொல்லுல ரெண்டு அர்த்தம் இருந்தாதான் படத்துல இந்த கிக் வரும். காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒண்ணாக்கி "நஞ்சிருக்கும் தோலுரிக்கும்"னு பாடினாரே, பாம்புன்னா விஷம், பழம்னா நைஞ்சு கனிஞ்சது, அதே வேலைதான், இங்க பிரஷ்ல.

ஆனா எல்லா கார்டும் அப்படி இல்ல. முதலைக் கண்ணீருக்கு ஒரு முதலை அழுவுது, சரி, அப்புறம்? மண்டை காயுதுக்கும் ரெண்டாவது அர்த்தம் எதுவும் இல்லதான், ஆனா கொடியில க்ளிப் மாட்டித் தொங்குற அந்த மண்டையோட மூஞ்சியப் பாத்தா மன்னிச்சிடலாம். நாயும் பூனையுமா மழை கொட்டுற கார்டைத்தான் மன்னிக்க முடியல, தமிழ்ல எவன்யா அப்படிச் சொல்றான், இங்கிலீஷ்ல இருந்து அப்படியே தூக்கிப் போட்டுட்டாங்க, இந்த மாதிரி நாலஞ்சு இருக்கு.

பெரிய கடுப்பு வேற. படத்துக்குக் கீழயே கொட்டை எழுத்துல விடையை அச்சடிச்சு வச்சிருக்காங்க! கண்ணு முதல்ல எழுத்துக்குத்தான் போகும், அப்புறம் கண்டுபிடிக்க என்ன இருக்கு? ப்ரூகல்னு ஒரு ஓவியர் 1559லயே ஒரே பலகையில 100க்கும் மேல பழமொழிய வரைஞ்சார், பெர்லின் மியூசியத்துல இருக்கு, சுவத்துல தலைய முட்டுறவன், கன்னுக்குட்டி முழுகின அப்புறம் கிணத்தை மூடுறவன்னு ஊரே அதுல இருக்கும், ஒண்ணுக்கும் கீழ விளக்கம் எழுதல. இவங்க அதை கார்டுக்குப் பின்பக்கம் போட்டிருந்தா போதும்.

அட்டை நல்ல தடிமன், கலர் ஓகே, டப்பா மூடிதான் லூஸு.

நான் எல்லாத்துலயும் எழுத்து மேல பேப்பர் டேப் ஒட்டிட்டேன், இப்பதான் விளையாட்டே சூடு பிடிக்குது. ஒருத்தன் ஓடுறான், துரத்துறவன் மூச்சு வாங்குறான், ஓடுறவன் திரும்பி ஒரு டம்ளரைத் தூக்கிக் காட்டுறான். ஆபீஸ் நண்பர் மூணு நாளா அந்த ஒரு கார்டை வச்சுக்கிட்டு முழிக்கிறாரு, நானும் விடையைச் சொல்லாம அவருக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கேன்.