மூளைக்கு ஏறிய உண்ணிக் காய்ச்சல்: ரத்தத்தில் எதைத் தேடுவது?

"முதுகுல தண்ணி எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், காய்ச்சலில் கிடந்த பையனோடு மேலூர்ப் பக்கமிருந்து வந்திருந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ரத்தத்துலயே பாத்துச் சொல்ல முடியாதா தம்பி?" மதுரையில் லேப் வேலை பார்க்கிற எவனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பது ஸ்க்ரப் டைபஸ். மாட்டில் ஒட்டியிருக்கிற உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதரில் இருக்கும் ஒரு பூச்சியின், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குஞ்சு கடித்து வருவது. நிஜ உண்ணி மூளையைத் தொடும் கதை ஐரோப்பாவில் அதிகம்: லைம் பாக்டீரியா ஒன்று, உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸ் இன்னொன்று. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் கண்டுபிடித்த வைரஸ், அந்த இரண்டாவதற்குப் பங்காளி.

ரத்தப் பரிசோதனைகள் இரண்டு கட்சி. உள்ளே வந்தது யார் என்று கேட்பது ஒன்று. மூளை எவ்வளவு அடிபட்டது என்று கேட்பது மற்றொன்று.

முதல் கட்சியில் பழைய ஆள் வீல்-ஃபீலிக்ஸ். மலிவு. ஆனால் வேறொரு பாக்டீரியாவை வைத்துச் சோதிப்பது, திருடனின் சித்தப்பா மகன் போட்டோவைக் காட்டி ஊரில் விசாரிப்பது மாதிரி. நிறைய நோயாளிகளை விட்டுவிடும். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம் எலைசா எவ்வளவோ மேல், ஆனால் காய்ச்சலின் முதல் சில நாளில் நெகட்டிவ் காட்டும். எலைசா தட்டில் 96 குழி; ஒரு சாம்பிளுக்காக யாரும் ஓட்ட மாட்டார்கள், சேரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த முதல் நாட்களில் கைகொடுப்பது, கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர், எல்லா லேபிலும் கிடைக்காது.

இரண்டாவது கட்சிதான் இப்போது பேச்சாக இருக்கிறது. நியூரோஃபிலமென்ட் லைட் என்பது நரம்பு இழைக்குள் இருக்கும் எலும்புக்கூடு மாதிரியான புரதம். இழை சிதைந்தால் தண்டுவட நீருக்கும் (முதுகில் எடுப்பது இதைத்தான்), அங்கிருந்து துளித்துளியாய் ரத்தத்துக்கும் கசியும். பிகோகிராம் அளவுதான், மிக நுட்பமான கருவி வேண்டும். உண்ணி மூளைக்காய்ச்சல் வந்தவர்களிடம் இது ஏறியிருப்பதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போட்டியாளர் ஜி.எஃப்.ஏ.பி, நரம்புக்குத் துணையாக இருக்கும் செல்களிலிருந்து வருவது. தலைக்காயத்தில் மணிக்கணக்கில் ஏறி நாட்கணக்கில் இறங்கிவிடும். நியூரோஃபிலமென்ட் மெதுவாக ஏறி வாரக்கணக்கில் நிற்கும். 2018-இல் அமெரிக்கா அனுமதித்த தலைக்காய ரத்தப் பரிசோதனையில் இருந்த இரண்டு புரதங்களில் ஜி.எஃப்.ஏ.பி ஒன்று.

எனக்கு ஜி.எஃப்.ஏ.பி மேல் கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு. சர்க்கரையில் கால் மரத்துப்போன பெரியவருக்கும், கிட்னி பழுதானவருக்கும் மூளை நன்றாக இருக்கும்போதே நியூரோஃபிலமென்ட் ஏறி நிற்கும். இந்த ஊரில் அப்படி எத்தனை பேர்! வயது ஏற ஏறவும் அது ஏறும். குழந்தைகளிடம் நிலைமை தலைகீழ்: கைக்குழந்தையிடம் அதிகம், வளர வளரக் குறையும். பெரியவரின் அளவுகோலை நான்கு வயதுப் பிள்ளைக்கு வைத்தால் ரிப்போர்ட்டே தப்பாகிவிடும்.

ஆனால் மூளையழற்சி தேறிய பிறகு 'இன்னும் சேதம் நடக்கிறதா' என்று வாரங்கள் கழித்துப் பார்க்க நியூரோஃபிலமென்ட்தான் ஏற்றது. உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸைக் கொல்ல மருந்தில்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. அங்கே சேதக் கணக்குக்கு மதிப்பு அதிகம். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் கையில் இருக்கின்றன. நமக்கு முதலில் வேண்டியது யார் என்ற பதில். அதை இந்த இரண்டு புரதமும் சொல்லாது. டி.பி.யா, ஜப்பானிய மூளைக்காய்ச்சலா என்று பிரிக்க முதுகு நீரைத் தவிர்க்கவும் வழியில்லை.

மேலூர்ப் பையனுக்கு நடந்தது இது. டாக்டர் வந்து அவன் அரைஞாண் கயிற்றை மேலே தள்ளினார். அடியில் பீடி நுனியால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு: உண்ணிக் காய்ச்சல் பூச்சி கடித்த தடம். வலியில்லாததால் அவனும் சொல்லவில்லை, குளிப்பாட்டியவரும் கவனிக்கவில்லை. "கெடாய்க்குத் தழை ஒடிக்கப் போனான்" என்றார் அம்மா. மருந்து அப்போதே ஏறியது. முதுகு நீரும் எடுத்தார்கள். தட்டு நிரம்பி எலைசா பாசிட்டிவ் என்று நான் எழுதிக் கொடுத்தது மூன்றாம் நாள். முந்தின நாளே அவன் காய்ச்சல் விட்டு இட்லி கேட்டுவிட்டான்.