பழைய டெக்னிக்ஸ், புது முள்: செகண்ட் ஹேண்ட் டர்ன்டேபிளோடு சில வருஷங்கள்

செகண்ட் ஹேண்ட் டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டு ஓட்டும் மெஷின், வாங்கக் கிளம்புகிறவர்கள் கையில் உள்ள பணம் முழுவதையும் மெஷினிலேயே கொட்டிவிடாதீர்கள். பாதியையாவது முள்ளுக்கும், அதைத் தாங்கி அதன் அசைவை ஒலி சிக்னலாக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் எடுத்து வையுங்கள். என்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்எல்-டி2. 1980-ஐ ஒட்டிய மாடல். டைரக்ட் டிரைவ், அதாவது பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும் வகை. இசைத்தட்டு முடிந்ததும் முள்ளைத் தாங்கும் கை தானாகத் திரும்பி வந்து உட்காரும். அந்தக் காலத்தில் யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, பரணில் ஏறி, கடைசியில் சென்னையில் ஒரு பழைய எலக்ட்ரானிக்ஸ் கடை வழியாக எட்டாயிரம் ரூபாய்க்கு என்னிடம் வந்தது. சில வருஷமாக அநேகமாகத் தினமும் ஓடுகிறது.

கடையில் நான் முதலில் பார்த்தது மெஷினின் அடியில் இருக்கும் வோல்டேஜ் விவரத்தை. ஜப்பான் உள்ளூர் விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட் மெஷின்கள். நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான் வரும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் பழைய பெல்ட் மெஷின்களில் வேறொரு வில்லங்கம் உண்டு. ஏசி சின்க்ரோனஸ் மோட்டார் உள்ளவை கரண்டின் ஹெர்ட்ஸை வைத்துத்தான் வேகம் பிடிக்கும். 60 ஹெர்ட்ஸுக்கான புல்லியோடு (பெல்ட்டை இழுக்கும் சிறு சக்கரம்) இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று 28-க்கும் கீழே இறங்கிவிடும். இதற்கு டிரான்ஸ்ஃபார்மர் உதவாது, புல்லியையே மாற்ற வேண்டும். "சுத்துது சார், நல்லாத்தான் சுத்துது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பலாம். எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு கோளாறு. ஒன்று, லீவரை இறக்கினால் கை மெல்ல இறங்காமல் தொப்பென்று விழுந்தது. உள்ளே வேகத்தைத் தடுக்கும் சிலிக்கான் எண்ணெய் வறண்டுபோயிருந்தது. ரிமோட் கார்களுக்கு விற்கும் கெட்டியான சிலிக்கான் எண்ணெயில் ஒரு துளி போட்டதும் சரியாகிவிட்டது. இரண்டாவது, வேகம் அலைந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடிப்பலகையைக் கழற்றி, வேகத்தைத் திருத்தும் பிட்ச் குமிழின் உள்ளே காண்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்பினேன். நாற்பது வருஷ அழுக்கு அதிலேயே கரைந்தது. இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் உலோகத் தட்டின் ஓரத்துப் புள்ளிகளில், மெஷினின் சிறு விளக்கொளியில் 50 ஹெர்ட்ஸ் வரிசை அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்று இரண்டு ஹெர்ட்ஸும் புழங்குவதால் அந்தக் கால மெஷின்கள் பலவற்றில் இரண்டுக்கும் வரிசை இருக்கும். எது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளியை நம்பாதவர்கள் ஒரு நாதஸ்வர எல்பியை (33⅓ சுற்றுப் பெரிய தட்டு) போட்டு சுருதிப் பெட்டியோடு சேர்த்துக் கேட்கலாம். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். அதில் பாதி தப்பினாலே காது காட்டிக்கொடுக்கும். சினிமாப் பாட்டில் இது அவ்வளவாகத் தெரியாது; தம்புரா இழையும் கச்சேரியில் ஒளியவே முடியாது.

அடுத்தது கார்ட்ரிட்ஜ். மெஷினோடு வந்ததன் முள் மொட்டை. அதை வைத்து ஒரு தட்டைக்கூட ஓட்டவில்லை. தேய்ந்த முள் பள்ளத்தைச் சீவிவிடும், அந்தச் சேதத்தைத் திருப்பவே முடியாது. ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ வாங்கினேன், ஏழாயிரத்துக்குள் முடிந்தது. இதன் உடலில் திருகுமரை இருப்பதால் நட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். மேலிருந்து இரண்டு திருகு, அவ்வளவுதான். வேர்க்க வைப்பது ஒயர்தான். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். ஒயர் முனையில் உள்ள கிளிப் அரிசியைவிடச் சிறியது. இறுக்கமாக இருந்தால் தள்ளக் கூடாது, ஒயர் வேரோடு வந்துவிடும். பல்குத்தும் குச்சியின் நுனியை உள்ளே விட்டு லேசாக அகட்டி, பிறகு ஒயரைத் தொடாமல் கிளிப்பை மட்டும் ட்வீசரால் பிடித்துச் செருக வேண்டும். அதற்கு முன்னால் முள்ளைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். இந்த மாடலில் அது தனியே கழன்று வரும்.

கார்ட்ரிட்ஜைக் கையின் நுனியில் உள்ள ஹெட்ஷெல்லில் எவ்வளவு முன்னே பின்னே பொருத்துவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. டெக்னிக்ஸ் சொல்லும் கணக்கு எளிது: ஹெட்ஷெல் ரப்பர் வாஷரிலிருந்து முள் நுனி வரை 52 மி.மீ. இணையத்தில் அதிகம் புழங்கும் பேர்வால்ட் அளவுகாட்டி, முள் பள்ளத்துக்கு மிகச் சரியாக நேர்படும் இடங்களைத் தட்டின் மையத்திலிருந்து 66, 121 மி.மீ. தூரங்களில் வைக்கிறது. டெக்னிக்ஸ் கணக்கில் அவற்றில் உள்பக்க இடம் 60 மி.மீ.க்குச் சற்று உள்ளே போகிறது. தமிழ்ப் பாட்டு கேட்கிறவர்களுக்கு இது முக்கியம். நம்மிடம் அதிகம் இருப்பவை 45 சுற்று இபிக்கள், அதாவது சின்னத் தட்டுகள். அவற்றில் பாட்டு லேபிளை நெருங்கும் வரை ஓடும். கடைசிச் சரணத்தில் 'ச', 'ஸ' எல்லாம் சீறும் இடம் அதுதான். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு 52-லேயே நிறுத்திவிட்டேன். எல்பியின் நடுப்பகுதியில் பேர்வால்ட் கொஞ்சம் கூடுதல் சுத்தம் என்பதை மறுக்கவில்லை. கதை வசன எல்பியின் கடைசிக் காட்சியில் வசனம் கரகரப்பது எனக்கு அதைவிட எரிச்சல்.

முள் தட்டை அழுத்தும் எடை 2 கிராம். முள் தாங்கும் கையின் பின்னால் உள்ள அளவுக்குறியைப் பழைய மெஷினில் அப்படியே நம்ப வேண்டாம். எண்ணூறு ரூபாய் டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தால் குறி 2 என்றபோது தராசு 2.3 காட்டியது. கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்கும் அதே 2. மொத்தச் செலவில் கொடுத்த ரூபாய்க்கு அதிகப் பலன் தந்தது இந்தத் தராசுதான்.

கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தட்டில் வெட்டும்போது பாஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டிப் பதிகிறார்கள். ஆர்ஐஏஏ என்ற அந்தக் கணக்கை ஃபோனோ பிரீஆம்ப் திருப்பிப் போடுகிறது. மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியே போதும். டர்ன்டேபிளின் எர்த் ஒயரை அதன் திருகில் மாட்டாவிட்டால் 'ம்ம்ம்' என்று ஒரே முனகல். மாட்டியும் முனகினால் அடாப்டரைத் தள்ளி வையுங்கள். ஐம்பதாயிரம் ரூபாய் பிரீஆம்ப் வாங்கச் சொல்பவர்களிடம் அவர்கள் முள் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அதிர்வுக்கு வெளிநாட்டுக்காரர்கள் விலை உயர்ந்த பலகை வாங்குகிறார்கள். நான் கிரானைட் கடையில் மீந்துகிடந்த கடப்பாக் கல்லில் ஒரு துண்டு அறுத்து வாங்கி, அடியில் ரப்பர் கட்டை நான்கு கொடுத்தேன். ஸ்பீக்கரை அதே மேஜையில் வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல் முள்ளின் ஆயுள் முடிந்ததும் அதே உடலில் விஎம்95-எம்எல் முள்ளை மாட்டினேன். விஎம்95 வரிசையின் நல்ல குணம் இதுதான்: உடல் ஒன்று, முள் வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். நிறுவனத்தின் கணக்குப்படி முதலில் இருந்த எலிப்டிகல் (நீள்வட்ட நுனி) முள் 300 மணி நேரம், இந்த மைக்ரோலீனியர் (இன்னும் நுணுக்கமாகச் செதுக்கிய நுனி) 1,000. விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு மணி நேரத்துக்கான செலவு என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், சத்தத்தின் தரம் மட்டும் இலவசமாக உயர்கிறது. லேபிள் அருகே வரும் சீறல் நன்றாகக் குறைந்தது. அதே சமயம், சுத்தம் செய்யாத தட்டின் 'சடசட' இன்னும் துல்லியமாகக் கேட்கிறது.

அதனால் கழுவாமல் எதையும் போடுவதில்லை. சென்னைக் காற்றில் அட்டை, தட்டு எல்லாம் பூஞ்சை பிடிக்கும். பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டரில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பாத்திர சோப்பு ஒரு துளி, மென்மையான பிரஷ், லேபிளில் ஈரம் படாமல் வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசிக் காயவிட்டால் போதும். இது வினைல் தட்டுக்கு மட்டும். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் ஷெல்லாக், அதாவது அரக்குக் கலவை. ஆல்கஹால் பட்டால் கரையும். அவற்றை இந்த மெஷினில் ஓட்டவும் முடியாது. அந்த வேகமே இதில் கிடையாது, அந்த அகலப் பள்ளத்துக்கு 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முள் வேண்டும்.

மிச்சமிருக்கும் குறை மூடியின் கீல். வயசாகி விரிசல் விட்டு, மூடியைத் தூக்கினால் நிற்காமல் சாய்கிறது. தட்டு ஓடும்போது கழற்றிச் சுவரோரம் சாத்திவைக்கிறேன். மாற்றுக் கீல் எங்காவது நியாயமான விலைக்கு வந்தால் வாங்கிவிடுவேன்.