அழியாத மை: இரும்பு மையா, கார்பன் மையா?

பத்திரக் குறிப்பு, எஸ்டேட் கணக்கு என்று பல வருடம் நிற்க வேண்டியதை எழுத, மைப்பேனாவின் சாதாரண நீல மை போதாது. ஏற்காட்டு மழையில் நோட்டு ஒருமுறை நனைந்தாலே எழுத்து கரைந்துவிடும்.

கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது நம் ஊரில் பழைய சங்கதி. அதே வேதியியல்தான் இரும்பு மையிலும். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றமாகி, தாளின் இழைக்குள்ளேயே கறுத்து ஊறிவிடும். தண்ணீருக்கு அசையாது. ஆனால் அமிலம் உண்டு. எஃகு நிப்பை நாளடைவில் அரிக்கும். பிளாட்டினம் என்ற ஜப்பானியப் பேனா நிறுவனத்தின் புளூ-பிளாக் மை இந்த வகைதான்.

கார்பன் மை வேறு ரகம். அதே பிளாட்டினத்தின் கார்பன் பிளாக் மையில் இருப்பது சாயம் இல்லை, நுண்ணிய கரித்துகள். வெயில், தண்ணீர், பிளீச்சிங் எதற்கும் மங்காது. நிலைப்பில் இதுதான் ஒரு படி மேல். தொல்லை பேனாவுக்குத்தான்: சேலத்துச் சித்திரை வெயிலில் சில வாரம் எழுதாமல் போட்டுவைத்தால் உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் கழுவி எடுப்பது பெரும்பாடு.

தினமும் எழுதுபவர் கார்பனை வாங்கலாம். எப்போதாவது எழுதுபவருக்கு என் ஓட்டு இரும்பு மைக்கே. கார்பன் அளவுக்கு அது சீக்கிரம் அடைக்காது. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் கழுவினால் சரி. எதுவானாலும் ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பேனாவை நிப் மேலே இருக்கும்படி வையுங்கள். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து மை கசியும்.