மெத்தையா கட்டையா: லாங் ரன்னுக்கு எந்த ஷூ

என்கிட்ட ரெண்டு ஜோடி ஷூ இருக்கு, ஒன்னுக்கு மெத்தைன்னும் இன்னொன்னுக்கு கட்டைன்னும் நானே பேர் வச்சிருக்கேன். மாரத்தான் ட்ரெய்னிங் ஆரம்பிக்கிறப்ப ஒரே மாசத்துல ரெண்டையும் வாங்கினேன், எதுன்னு முடிவு பண்ண முடியாததால. ஆறு மாசம் மாத்தி மாத்தி ஓடி ரெண்டையும் தேய்ச்சாச்சு. கட்டைதான் ஜெயிச்சுது, அத முதல்லயே சொல்லிடுறேன், கடைசி வரைக்கும் சஸ்பென்ஸ் வைக்கிற அளவுக்கு இதுல ஒன்னும் இல்ல. கம்பெனி பேர் சொல்லப் போறதில்ல, ஏன்னா ஒவ்வொரு கம்பெனியும் ரெண்டு வகையும் பண்ணுது, அதுவும் இல்லாம வருஷா வருஷம் மாடல மாத்திடுறாங்க.

மெத்தைன்னா இப்ப எல்லாரும் போடுறாங்களே, அடியில தடியா ஃபோம், கால வச்சா அமுங்கும், ஜோடியில ஒன்னு 240 கிராம், அடிப்பக்கம் ரப்பர் அங்கங்க ஒட்டு போட்ட மாதிரி இருக்கும், மிச்சமெல்லாம் வெறும் ஃபோம்தான் தரையில படும். கட்டை 300 கிராம், ஃபோம் கொஞ்சம் இறுக்கம், அடியில முன்னாலேருந்து குதிகால் வரைக்கும் முழு ரப்பர். கடையில ரெண்டையும் போட்டு நாலு அடி நடந்தா பத்துல ஒன்பது பேர் மெத்தையத்தான் எடுப்பாங்க. நானும் அப்படித்தான் எடுத்தேன், கட்டைய சும்மா ஒரு மாத்துக்குன்னு வாங்கினேன்.

சைஸ், லேஸ் இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஓடித்தள்ளிட்டு போறேன். நீண்ட தூரம் ஓடினா பாதம் வீங்கும், அதனால சாயங்காலத்துல போட்டு பாருங்க, பெரிய விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், இல்லன்னா நகம் கறுத்துப் போகும். செருப்புக்காக கால வெட்டிக்க முடியுமா, அகலம் பத்தலன்னா அடுத்த மாடல பாருங்க, ஓட ஓட லூசாகும்னு நம்பி வாங்காதீங்க. குதிகால் வழுக்குனா மேல சும்மா இருக்குற கடைசி ஓட்டையில லேஸ வளையம் மாதிரி விட்டு கட்டுங்க, பாதி பிரச்சனை அதுலயே தீந்துடும். மேல் துணி ரெண்டுலயும் ஒரே மாதிரி வலைத்துணிதான், அதுல சொல்ல ஒன்னும் இல்ல.

ஹீல் டிராப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இருக்குற உயர வித்தியாசம்தான் அது. என் கட்டையில 10 மில்லிமீட்டர், மெத்தையில 5. டிராப் கம்மியானா கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அதிகமா வேல செய்யும், டிராப் கூடுனா முட்டிக்கு கொஞ்சம் பாரம் கூடும். எது நல்லதுன்னு பொதுவா சொல்ல முடியாது, ஆனா 10லேருந்து திடீர்னு 4க்கு தாவி அதே வாரம் 25 கிலோமீட்டர் ஓடினா கெண்டைக்கால் பழி வாங்கிடும்.

பாதம் உள்பக்கமா சாயுது, வளைவு தட்டையா இருக்கு, அதுக்கேத்த ஷூதான் போடணும்னு சொல்லுவாங்கல்ல, நானும் ஈரக்காலோட தரையில மிதிச்சு தடம் பாத்தவன்தான். ஆனா அமெரிக்க ராணுவத்துல புதுசா சேந்தவங்களுக்கு பாத வளைவ பாத்து ஷூ கொடுத்து பாத்தப்ப காயம் பெருசா ஒன்னும் குறையல. கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்துல இருந்த ஆராய்ச்சியாளர் பென்னோ நிக், பாதத்துக்கு எது சௌகரியமா இருக்கோ அதத்தான் உடம்பே தேர்ந்தெடுத்துக்குதுன்னு 2015ல எழுதினாரு. எனக்கும் அது சரின்னுதான் படுது, ஒரே ஒரு சின்ன சண்டை மட்டும் உண்டு: எப்ப சௌகரியமா இருக்கணும்? முதல் நாளா, நானூறாவது கிலோமீட்டரா?

இங்கதான் என் முழு விஷயமும் இருக்கு.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. நிமிஷத்துக்கு 170 அடி, கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம்னு வச்சா ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 1,100 அடி, ஒரு காலுக்கு 550. அப்ப 600 கிலோமீட்டர்ல ஒவ்வொரு ஷூவும் 3 லட்சத்து 30 ஆயிரம் தடவ தரைய அடிக்குது, ஒவ்வொரு அடியும் உடம்பு எடைய போல ரெண்டு ரெண்டரை மடங்கு. ஃபோம்னு சொல்றது என்ன, உள்ள கண்ணுக்கு தெரியாத குட்டி குட்டி காத்து அறைங்கதான். சாதாரணமா எல்லா ஷூவிலயும் வர்றது ஈவிஏ ஃபோம், அடி விழ விழ அந்த அறையோட சுவர் மடங்கும், திரும்ப நிமிரும், ஒரு கட்டத்துக்கு மேல நிமிராது. அப்ப ஷூ பாக்க புதுசு மாதிரியே இருக்கும், மேல ஒரு கிழிசல் இருக்காது, ஆனா உள்ள செத்துப்போயிருக்கும். நிறைய பேர் அடி ரப்பர் தேய்ஞ்சா மட்டும்தான் ஷூ முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன்.

பொதுவா ஒரு ஷூ 500லேருந்து 800 கிலோமீட்டர் வரும்னு சொல்லுவாங்க. அந்த 300 கிலோமீட்டர் வித்தியாசம் சின்னதில்ல, வாரத்துக்கு 50 ஓடுறவனுக்கு அது ஒன்றரை மாசம்.

என் மெத்தை 390ல நின்னுது. நான் ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டுல எழுதுறவன், எந்த ஷூ, எவ்வளவு தூரம், அடுத்த நாள் எங்க வலி, எல்லாம் இருக்கும். 280 தாண்டினப்ப குதிகால் வெளிப்பக்கம் வெறும் ஃபோம் இருக்குற இடம் சாய்வா தேய ஆரம்பிச்சுது, ரப்பர் ஒட்டு இருந்த இடம் மேடாவும் பக்கத்துல பள்ளமாவும் ஆகிடுச்சு, அதாவது ஒவ்வொரு தடவையும் கால் ஒரு சின்ன சரிவுல இறங்குது. 340 வாக்குல முட்டிக்கு வெளிப்பக்கம் ஒரு வலி. முதல்ல ட்ரெய்னிங் ஓவராயிடுச்சுன்னு நினைச்சு ரெண்டு நாள் லீவு விட்டேன், போச்சு, திரும்ப வந்துச்சு. அப்பறம்தான் நோட்ட புரட்டி பாத்தா வலின்னு எழுதின நாளெல்லாம் மெத்தை போட்ட நாளுக்கு அடுத்த நாளா இருக்கு. இதுல ஒரு ஓட்டையும் இருக்கு, மறைக்க விரும்பல: லாங் ரன்னெல்லாம் மெத்தையிலதான் ஓடினேன், மெத்துன்னு இருக்கேன்னு, அதனால வலி தூரத்தால வந்ததா ஷூவால வந்ததான்னு உறுதியா சொல்ல முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை 28 கிலோமீட்டர கட்டையில ஓடி பாத்தேன், வலி வரல, அதுக்கப்பறமும் வரல. ஒரே ஒரு ஆளோட ஒரே ஒரு முட்டி, அவ்வளவுதான் என் ஆதாரம்.

கட்டை இப்ப 740ல ஓடிக்கிட்டு இருக்கு. முதல் 80 கிலோமீட்டர் எனக்கு பிடிக்கவே இல்ல, உண்மைய சொல்லணும்ல, பலகைய கட்டிக்கிட்டு ஓடுற மாதிரி இருந்துச்சு, திருப்பி கொடுத்துடலாமான்னு கூட யோசிச்சேன். அப்பறம் மெதுவா இளகுச்சு. 200லேருந்து 600 வரைக்கும் ஒரே மாதிரி, இன்னிக்கு போட்டா போன மாசம் போட்ட அதே உணர்வு. மெத்தைய பொறுத்தவரைக்கும் முதல் 150 சொர்க்கம், அதுக்கப்பறம் ஒவ்வொரு வாரமும் ஒரு படி இறக்கம், தினமும் போடுறதால அது இறங்குறதே தெரியாது.

எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, நான் பண்றது மூணு வேல. ஷூவ மேசை மேல வச்சு பின்னாலேருந்து கண் மட்டத்துல பாக்குறது, நேரா நிக்குதா ஒரு பக்கம் சாயுதான்னு. ஃபோமோட பக்கவாட்டுல சுருக்கம் விழுந்து அது கால எடுத்தப்பறமும் அப்படியே நிக்குதான்னு பாக்குறது. மூணாவது, வேற ஜோடி இருந்தா ஒரு கால்ல பழசு ஒரு கால்ல அத விட கம்மியா ஓடின ஷூ போட்டு வீட்டுக்குள்ளயே நாலு குதி குதிக்கிறது, பாக்குறவங்க சிரிப்பாங்க, ஆனா இத விட தெளிவான சோதனை இல்ல.

ரப்பர்லயும் ரெண்டு ஜாதி. கார்பன் ரப்பர்னா கெட்டி, கனம், சீக்கிரம் தேயாது, பெரும்பாலும் குதிகால்ல வைப்பாங்க. இன்னொன்னு காத்து ஊதி பண்ற ரப்பர், லேசு, மெதுவு, ஆனா சீக்கிரம் போகும். கட்டையில குதிகால்ல முதல் வகை, முன்னால ரெண்டாவது வகை. எடை கம்மி பண்ணனும்னா கம்பெனிக்காரன் முதல்ல கை வைக்கிற இடமே இந்த ரப்பர்தான், அதனால 'சூப்பர் லைட்'னு போட்டிருந்தா உடனே திருப்பி அடிய பாருங்க.

எடைக்காக மெத்தைய எடுக்கலாமான்னு கேட்டா, ஒரு ஷூவுல 100 கிராம் கூடுனா சக்தி சுமார் 1 சதவீதம் கூட செலவாகும்னு கணக்கு. என் ரெண்டுக்கும் 60 கிராம் வித்தியாசம், நாலரை மணி நேரம் ஓடுற எனக்கு அது ஒன்னு ஒன்றரை நிமிஷம். பந்தயத்துல முக்கியம்னா முக்கியம்தான், ட்ரெய்னிங்ல எவனுக்கு வேணும் அந்த ஒன்றரை நிமிஷம்?

ஃபோம் வகையில ஈவிஏ இல்லாம இன்னொன்னு இருக்கு, டிபியூ. அடிடாஸ் 2013ல பூஸ்ட்னு கொண்டு வந்தாங்களே, தெர்மாகோல் உருண்டைய ஒட்டி வச்ச மாதிரி இருக்கும், பிஏஎஸ்எஃப்ங்குற கெமிக்கல் கம்பெனியோட சேந்து பண்ணது. குளிர்ல ஈவிஏ மாதிரி இறுகாது, ரொம்ப நாள் தாங்கும், கனம் ஜாஸ்தி. நான் நண்பனோடத வாங்கி ரெண்டு தடவ ஓடினதோட சரி, அதனால இதுக்கு மேல பேச எனக்கு தகுதி இல்ல.

ஃபோமுக்குள்ள கார்பன் பிளேட், அதாவது கெட்டியான தகடு, வச்ச ரேஸ் ஷூவ கேக்குறவங்களும் உண்டு. 2017ல நைக்கி வேப்பர்ஃபிளை வந்ததுலேருந்து இந்த பைத்தியம், 2019ல வியன்னாவுல கென்யாக்காரர் கிப்சோகே மாரத்தான் தூரத்த 1 மணி 59 நிமிஷம் 40 வினாடியில ஓடினதும் அந்த மாதிரி ஒரு ஷூவிலதான். இப்ப உலக தடகள அமைப்பு ரோடு ஷூவுக்கு அடி தடிமன் 40 மில்லிமீட்டர தாண்டக்கூடாதுன்னு வரம்பு வச்சிருக்கு. இந்த மாதிரி ரேஸ் ஷூவுல இருக்குற பீபாங்குற ஃபோம் லேசு, துள்ளல், எல்லாம் சரி. ஆனா 2023ல அடிடாஸ் விட்ட 138 கிராம் ரேஸ் ஷூ ஒரு மாரத்தானுக்குன்னே பண்ணதுன்னு அவங்களே சொல்லித்தான் வித்தாங்க. எத்தியோப்பியாவோட டிகிஸ்ட் அசெஃபா அத போட்டு பெர்லின் மாரத்தான்ல 2:11:53ல ஓடி அப்ப பெண்கள் உலக சாதனை படைச்சாங்க. சாதனைக்கு சரி, செவ்வாக்கிழமை 12 கிலோமீட்டர் ஈஸி ரன்னுக்கு அத போடுறது குருவி தலையில பனங்காய்.

ஒன்னே ஒன்னு மெத்தைக்கு சாதகமா சொல்லணும். ரெண்டு ஜோடிய மாத்தி மாத்தி போடுறதே நல்லது. லக்சம்பர்க்ல 264 ஓட்டக்காரங்கள 22 வாரம் கவனிச்சதுல ஒன்னுக்கு மேல ஜோடி வச்சு மாத்தினவங்களுக்கு காயம் ஏற்படுற வாய்ப்பு 39 சதவீதம் கம்மியா இருந்துச்சு. ஃபோமுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும், ஈரம் காயும். அதனால ரெண்டு வாங்க முடிஞ்சா ஒன்னு மெத்தையா இருக்கட்டும், உடம்பு அசந்து போன நாளுக்கு, பத்து கிலோமீட்டருக்கு உள்ள. ஒன்னுதான் வாங்க முடியும்னா கட்டை.

பராமரிப்பு ரெண்டுக்கும் ஒன்னுதான்: வாஷிங் மெஷின்ல போடாதீங்க, வெயில்லயோ ஹீட்டர் பக்கத்துலயோ காய வைக்காதீங்க, பசை விட்டுடும், உள்ள பேப்பர திணிச்சு நிழல்ல வைங்க. இன்சோல தனியா எடுத்து காய வைங்க. கழட்டும்போது லேஸ அவுக்காம குதிகால மிதிச்சு கழட்டுறவங்க இத எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாங்க, தெரியும்.

என் எடை 68 கிலோ, ஓடுறது தார் ரோடுலயும் சிமெண்ட்லயும். 90 கிலோ இருக்குறவங்களுக்கு கட்டையும் 740 வருமான்னு தெரியல, கம்மியாத்தான் வரும்னு ஊகம். காட்டுப்பாதை, கல்லு மண்ணுல ஓடுறவங்களுக்கு அடியில பல்லு வேணும், அது வேற கதை, எனக்கு அனுபவம் இல்ல. முன்பாதத்துல இறங்குறவங்களுக்கும் தேய்மானம் வேற இடத்துல வரும், நான் குதிகால் ஆளு.

கட்டையோட அதே வெர்ஷன் இன்னொரு ஜோடி வாங்கி வச்சிருக்கேன், அடுத்த வெர்ஷன்ல ரப்பர குறைச்சிட்டாங்க, பாத்ததும் ஓடிப்போய் பழசையே எடுத்தேன். பெட்டியிலயே ரொம்ப நாள் கிடந்தாலும் ஃபோம் இறுகும், பசை வறண்டு போகும், அதனால இந்த வாரத்துலேருந்து ஈஸி ரன்னுக்கு மட்டும் புதுச போட ஆரம்பிச்சிருக்கேன், திரும்ப அதே பலகை உணர்வு, இன்னும் 80 கிலோமீட்டர் பொறுத்துக்கணும். பழசுக்கு ரெண்டு லாங் ரன் பாக்கி இருக்கு.