மென்ஸ்ட்ருவல் கப் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால்...

மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் வைத்து, எடுத்துக் கழுவி மறுபடி வைக்கும் சின்னக் கிண்ணம்தான் இது. நேராகச் சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். நான் வாங்கியது மருத்துவத் தர சிலிக்கானில் செய்த சின்ன சைஸ், விலை ஐந்நூறு ரூபாய்க்குள். இரவில் புரண்டு படுத்தால் கறை படுமோ என்ற பயம் இல்லை, தொடை உரசிப் புண்ணாவது இல்லை, பேப்பரில் சுற்றிக் குப்பைக்கு ஒளித்து எடுத்துப் போகும் வேலையும் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும்.

ஆனால் இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. 1867-லேயே அமெரிக்காவில் இந்த யோசனைக்கு ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். வளையத்தோடு ஒரு சின்னப் பை, அதை உள்ளே வைத்து, இடுப்புப் பட்டையோடு கயிற்றால் இணைத்துக்கொள்ள வேண்டும். அது ஓடவில்லை. அப்புறம் 1937-ல் லியோனா சால்மர்ஸ் என்ற மேடை நடிகை, கிட்டத்தட்ட இன்றைய கப் போலவே மணி வடிவத்தில் ரப்பரில் ஒன்றைச் செய்து காப்புரிமை பெற்றார். அன்றைக்குப் பெரும்பாலான பெண்கள் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி, அதில் முன்னும் பின்னும் பேடை ஊக்கு குத்தித் தொங்கவிட்டு, அதோடுதான் நடமாட வேண்டும், அந்த பெல்ட்டும் ஊக்கும் இல்லாமல் மெல்லிய உடை போட முடிய வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

இத்தனை நல்ல பொருள் ஏன் நம் அம்மாக்களுக்கு வந்து சேரவில்லை? இரண்டாம் உலகப்போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்து உற்பத்தி நின்றது ஒரு காரணம். போருக்குப் பிறகு டாஸெட் என்ற பெயரில் மறுபடி வந்தது, அப்போதும் எடுபடவில்லை. ரப்பர் கனமாக, விறைப்பாக இருந்தது உண்மை. அதைவிட, தன் உடம்பைத் தானே தொட்டு, கப்பை எடுத்துக் கழுவி, மறுபடி வைக்க வேண்டும் என்றதுமே பலர் பின்வாங்கினார்கள். உறுப்பின் பெயரையே விளம்பரத்தில் எழுத முடியாத காலத்தில், எப்படி மடிக்க வேண்டும், எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று யார் சொல்லித்தருவது?

பேடுக்கும் இதே கதைதான். 1890-களில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கடையில் வாங்கும் பேடை லிஸ்டர்ஸ் டவல்ஸ் என்று கொண்டுவந்தது, கடைக்காரரிடம் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு பெண்கள் ஒதுங்கிவிட்டார்கள். முதல் உலகப்போரில் காயத்துக்குக் கட்ட வந்த மரக்கூழ்ப் பஞ்சை நர்சுகள் தங்களுக்கும் பயன்படுத்திக்கொள்ள, 1920-ல் அதுவே கோடெக்ஸ் ஆயிற்று. அதை விற்க, மேஜைமேல் ஒரு பெட்டி வைத்து, காசைப் போட்டுவிட்டுப் பேசாமல் எடுத்துப் போங்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். நம் மெடிக்கல் ஷாப்பில் இன்றும் கேட்காமலே நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டுகிறார்கள். பாட்டி காலத்துத் துணியில்கூடக் குறையில்லை. பழைய பருத்திச் சேலையைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் போதும். அதைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயவைத்ததால்தான் ஈரம் தங்கி அரிப்பும் புண்ணும் வந்தன.

அதனால்தான் நான் வாங்கிய கம்பெனிமேல் எனக்குக் கோபம். பெட்டி பளபளப்பு, உள்ளே துணிப்பை, எல்லாம் சரி. பயன்படுத்தும் விதம் மட்டும் கட்டைவிரல் அளவுப் படமாக, எழுத்து கண்ணுக்கே தெரியாமல் இருக்கிறது. அதை நம்பினால் முதல் மாதம் கசியும், விட்டுவிடத் தோன்றும். கேரளத்தில் கும்பளங்கியில் ஐயாயிரத்துக்கும் மேல் கப் கொடுத்தபோது, பயன்படுத்தச் சொல்லியும் கொடுத்தார்கள், 2022-ல் அது நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவிக்கவும் முடிந்தது.

அந்தச் சீட்டு சொல்லாததை நான் சொல்கிறேன். விளிம்பை உள்ளே அமுக்கி மடித்து வையுங்கள், உள்ளே முழுசாக விரிந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், கசிவுக்குப் பெரும்பாலும் விரியாமல் நின்ற மடிப்புதான் காரணம். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், அடிப்பாகத்தை அமுக்கிக் காற்றை விட்டால்தான் வலிக்காமல் வரும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விடவே வேண்டாம். 1980-ல் அமெரிக்காவில் ரிலை என்ற டாம்பூனால் (உள்ளே வைக்கும் பஞ்சு) நச்சு அதிர்ச்சி நோய், அதாவது கிருமிகளின் நச்சு உடம்பில் பரவும் நோய், வந்து உயிர்கள் போய், அதைச் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். கப்பில் அது மிக அரிதுதான், ஆனாலும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொடக்கூடாது, ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும்.

காப்பர்-டி போட்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம், கப்பை இழுக்கும்போது அது இடம் மாறக்கூடும். குழந்தை பெறாதவர்கள் சின்ன சைஸிலேயே தொடங்கலாம்.